கரித் தீவில் எங்கே உட்காருவது

முதலில் படிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பர்மியப் பள்ளியில் எட்டாவது வரை போனேன். தமிழ், கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. அதிலும் மழைக்காலம் முழுக்க விடுமுறை. ரங்கூனில், லத்தா பகுதியில் ஒரு காகிதக் கடையின் கிடங்கில் வேலை செய்கிறேன். காகிதத்தை அடுக்குவதோடு சரி, அதில் எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. ஆனாலும் அத்தையைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவன் நான்.

அத்தை என்றால் எனக்குச் சொந்தம் இல்லை. தாமுவேயில் எங்கள் சந்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அத்தைதான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம், இத்தனை வருஷம் பழகிவிட்டு இப்போது போய்க் கேட்பதா என்று இருந்தது.

அவருக்கு ஒரு குணம். யார் எங்கே புறப்பட்டாலும் அதற்கு அவர் ஏற்பாடு செய்தாக வேண்டும். கோயிலோ ஆஸ்பத்திரியோ, மலை மேல் உள்ள புத்தர் கோயிலோ, எதுவானாலும் முதலில் ஒரு கேள்வி வரும்.

"போறது இருக்கட்டும். போனா எங்க உக்காருவ?"

இதற்குப் பதில் இல்லாதவர்கள் அவரைப் பொறுத்தவரை இன்னும் புறப்படவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் எங்கேயும் போனதில்லை. வண்டி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் ஏறி அது நகர்வதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். சைக்கா என்று நாங்கள் சொல்லும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி எதிரே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நடந்து போகிற தூரம்தான் அவர் உலகம். அந்த உலகத்துக்கு வெளியே இருந்த எல்லா ஊரிலும் நாங்கள் உட்கார அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

ரங்கூனைச் சுற்றி வருகிற வட்ட ரயிலில் சந்துப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போவதாகப் பேச்சு வந்தது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அத்தை பல நாள் யோசித்தார். ரயில் வட்டமாகப் போவதால் வெயிலும் பக்கம் மாறும். ஆகவே இன்சீன் வந்ததும் எல்லோரும் எழுந்து எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், மிங்கலாடோன் தாண்டியதும் மறுபடி பழைய பக்கம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் போன அன்று விடாத மழை. இருந்தாலும் இன்சீன் வந்ததும் எழுந்துவிட்டோம். எதிர்ப்பக்கத்தில் இருந்த பர்மியக் குடும்பம் ஏதோ ஆபத்து என்று நினைத்து எழுந்து எங்கள் இடத்துக்கு ஓடியது. மிங்கலாடோனில் மறுபடி மாற்றிக்கொண்டோம். இறங்கும்போது அந்தக் குடும்பத்துப் பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, இது எந்த மதம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

என் அப்பா இறந்தபோது சுடுகாட்டு வேனில் யார் எங்கே உட்காருவது என்பதையும் அத்தைதான் சொன்னார். அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு சித்தப்பாக்களையும் தலைமாட்டில் உட்கார வைத்தார்.

"அங்கயா?" என்றார் சின்னச் சித்தப்பா.

"அங்கதான். இப்ப அவரு எந்திரிச்சுப் போயிட முடியாதுல்ல."

பெரிய சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாக மாறி, சுடுகாடு போய்ச் சேரும்வரை நிற்கவில்லை.

இனி தீவு விஷயம்.

என் அக்கா மகள் செல்வி வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறாள். முப்பது தாண்டிவிட்டது. இரண்டு இடத்தில் சம்பந்தம் பேசினோம். ஃபோனில் பார்த்து எப்படி முடிவு செய்வது என்று அவர்களே விலகிவிட்டார்கள். செல்வியும் பிடிவாதக்காரி. "நேர்ல பாக்காம யாருக்கும் சரின்னு சொல்ல மாட்டேன் மாமா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

பக்கத்துச் சந்தில் டோ மியா இருந்தார். டோ என்பது இங்கே வயதான பெண்களுக்கு மரியாதைக்குச் சொல்வது. அவர் பர்மியர், காலமான கணவர் தமிழர். மகன் ரவி. அவனும் கப்பலில்தான், வேறொரு கப்பலின் சலவைக் கூடத்தில் இருந்தான். வயசுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிற காலம் இது. அவன் ஊருக்கு வந்தால் திரும்பக் கப்பல் ஏறுவது சந்தேகம். வராதே என்று பெற்ற தாயே அழுதுகொண்டு சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாக் கடையில் அத்தை, அக்கா, டோ மியா மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நான் கிண்ணத்தோடு பின்னால் நின்றேன்.

"அடுத்த மாசம் எம் மகன் கப்பல் கரிக்குப் போகுது" என்றார் டோ மியா.

பர்மிய மொழியில் கிரேக்க நாட்டுக்குக் கரி என்றுதான் பெயர். அத்தைக்கு அது தெரியாது.

"கரி ஏத்தவா?"

"இல்லங்க. வெள்ளக்காரங்க சுத்திப் பாக்குற கப்பல். கரியில ஒரு தீவு இருக்கு."

"அடுப்புக் கரியவா காசு குடுத்துப் போய்ப் பாக்குறாங்க?"

"ஆட்டுக் கறியா இருக்கும்" என்றார் மொஹிங்கா கடைக்காரர். அவரும் நம்மவர். "வெள்ளக்காரனுக்குக் கறின்னா உசிரு."

அக்கா அதற்குள் தன் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்வியின் கப்பல் நிற்கிற ஊர்களை அவள் மனப்பாடமாக வைத்திருப்பாள். "எம் பொண்ணு கப்பலும் அந்தத் தீவுக்குத்தான் போகுது. அதே புதன்கிழமை" என்றாள்.

அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

"அந்தத் தீவுல எங்க உக்காருவாங்க?" என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் சடங்கு கிரேக்கத் தீவில் நிச்சயமானது. இரு பிள்ளைகளுக்கும் ஒரே துறைமுகம் அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு ரவியின் கப்பல் வேறு கடலுக்குப் போய்விடும். அன்று விட்டால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தை தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஃபோனில் தீவின் படங்களைக் காட்ட வேண்டும். கடல் வரும் இடத்தை மட்டும் பார்க்க மாட்டார். படகு ஆடுகிற படம் வந்தால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "தள்ளு, தள்ளு, தரைக்கு வா" என்பார். மணல் கறுப்பாக இருந்தது அவருக்குத் திருப்தி.

"நான் சொல்லல? கரிதான்."

"இல்ல அத்தை, கிரேக்கம்னு ஒரு நாடு" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. வீடெல்லாம் பாரு, வெள்ளையடிச்சு வெச்சிருக்கான். எதுக்கு? கரி தெரியக் கூடாதுன்னு."

ஆகவே செல்வி வெள்ளை கட்டக் கூடாது, கறுப்பு ஒட்டாத நிறத்தில்தான் வர வேண்டும் என்று உத்தரவு போனது.

படகுத்துறை கீழே, ஊர் மலை உச்சியில். மேலே போக மூன்று வழி: படிக்கட்டு, கழுதை, கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி. படியேறினால் பெண் வேர்த்து விறுவிறுத்து நிற்பாள். கழுதை மூதேவியின் வாகனம், அதன் மேல் கல்யாணப் பெண் ஏறவே கூடாது. மிச்சம் இருந்தது தொங்கும் பெட்டி. அத்தை கண்ணை மூடிக்கொண்டு அதற்குச் சம்மதித்தார். உச்சியில் நீலக் கூரை போட்ட ஒரு கோயில் வாசலில் அகலமான சுவர் இருந்தது. அதுதான் இடம். பெண் கிழக்கே பார்த்து, பையன் பெண்ணைப் பார்த்து.

பெரியவர்கள் இல்லாமல் பெண் பார்ப்பது எப்படி? அத்தை விசாரித்தார். செல்வியோடு ஒரே அறையில் ஓர் இந்தோனேசியப் பெண் இருந்தாள். பெயர் ஸ்ரீ.

"ஸ்ரீயா? அப்ப நம்ம ஆளுதான்" என்றார் அத்தை. அந்தப் பெண் முக்காடு போட்டிருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் பெண்ணுக்கு அக்கா ஆனாள். பையன் பக்கம் கப்பலில் ரொட்டி சுடுகிற ஒரு பிலிப்பினோக்காரர் தாய்மாமன் ஆனார். அவருக்கு அத்தை ஃபோனிலேயே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்தார்: "சம்மதமா?" அந்த மனிதர் இரண்டு வாரம் கப்பல் முழுக்க அதைச் சொல்லிப் பழகியதாக ரவி சொன்னான்.

எல்லாம் கூடி வந்தபோது டோ மியா எழுந்து நின்றுவிட்டார். ரவிக்குக் காலையிலிருந்து இரண்டு மணி வரைதான் விடுப்பு. செல்விக்குப் பன்னிரண்டுக்கு மேல்தான் விடுவார்கள். இங்கே பர்மியர்களுக்கு வாரத்தில் எட்டு நாள். புதன்கிழமை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ராகு என்று தனி நாள்.

"புதன்னு சொன்னீங்க, சரின்னேன். இது ராகு. ராகுவுல பொண்ணு பாக்க மாட்டேன்" என்றார் டோ மியா.

"இங்க நேரப்படி பாத்தா?" என்றாள் அக்கா.

"இங்க அப்ப மூணரை மணி. அங்கயும் ராகு, இங்கயும் ராகு."

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாய்மாமன் நான்தான் பேச வேண்டும்.

அத்தை வெற்றிலையை மெதுவாக மடித்தார்.

"டோ மியா, ஒங்க பையன் என்னைக்குப் பொறந்தான்?"

"புதன்... சாயந்தரம்."

"அப்ப?"

"ராகுப் பிள்ளை" என்றார் டோ மியா, குரல் இறங்கி.

"புத்தர் கோயிலுக்குப் போனா, தன் பொறந்த கிழமைக்கு எந்த மூலையில தண்ணி ஊத்துவான்?"

"ராகு மூலையில."

"பிள்ளை சொந்த வீட்டுக்குப் போறான். அதுக்கு யாராச்சும் நல்ல நேரம் பாப்பாங்களா?"

டோ மியா மறுபடி உட்கார்ந்தார். பிறகு "ஹொக்கே" என்றார். ஆமாம் என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை எங்கள் வீட்டில் நாற்காலி போதவில்லை. அத்தை பையன் வீட்டாரை வாசல் பக்கமும் எங்களைச் சமையல் பக்கமும் உட்கார வைத்தார். பெண்ணுக்கும் பையனுக்கும் இரண்டு நாற்காலி காலியாக விடப்பட்டது. மொஹிங்கா கடைக்காரர் தெரியாமல் ஒன்றில் உட்கார்ந்து திட்டு வாங்கினார். கரண்ட் இல்லை. ஃபோனை பேட்டரியில் மாட்டி, எண்ணெய் டின்னில் சாய்த்து, அரசாங்கத் தடையைத் தாண்ட விபிஎன் போட்டு வைத்திருந்தேன்.

ஸ்ரீதான் அந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்திருந்தாள். முதலில் வெறும் தொப்பிகள் தெரிந்தன. எங்கே பார்த்தாலும் வெள்ளைக்காரத் தொப்பி. தொங்கும் பெட்டிக்கு வரிசை. அன்று பல கப்பல் ஒன்றாக வந்திருந்ததாம். வரிசை மலை அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. நடுவில் கறுப்புச் சுடிதாரில் செல்வி. அவளுக்கு ஒரு கை தள்ளி, வெள்ளைச் சட்டையில் ரவி. பக்கத்தில் தேங்காயோடு ரொட்டிக்காரத் தாய்மாமன். வெற்றிலை கிடைக்காமல் கப்பல் சமையலறையிலிருந்து சாலட் இலை கொண்டு வந்திருந்தார்.

"ஏன் நிக்கிறீங்க? மேல போய் உக்காருங்க!" என்று அத்தை கத்தினார்.

"வரிசை நகரல அத்தை" என்றாள் செல்வி.

"அப்ப அங்கயே உக்காருங்க!"

"இடம் இல்ல."

"கல்யாணப் பொண்ணுன்னு சொல்லு!"

இதை செல்வி ரொட்டிக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னாள், வெட்கத்தோடு. அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பி உரக்க அறிவித்துவிட்டார். தொப்பிகள் எல்லாம் திரும்பின. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, தள்ளிக்கொண்டு நடக்கிற தன் வண்டியில் இருந்த சின்ன இருக்கையைத் திறந்து செல்வியை உட்காரச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். யாரோ பாடினார்கள்.

"பாட்டு நல்லாயிருக்கு. யாரு அது, பொண்ணு வீடா?" என்றார் மொஹிங்கா கடைக்காரர்.

கை தட்டியவர்களைச் சும்மா விடலாமா என்று ரொட்டிக்காரர் ரவியின் பையைத் திறந்தார். உள்ளே டோ மியா எப்போதோ அனுப்பிய லபெ பொட்டலம். ஊறப்போட்ட தேயிலை. அதைப் பிரித்து, கிள்ளிக் கிள்ளி, வரிசையில் ஒவ்வொருவராக நீட்டி, "சம்மதமா? சம்மதமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவர்களும் தலையாட்டி வாங்கி வாயில் போட்டார்கள்.

"அமலே!" என்று டோ மியா நெஞ்சில் கை வைத்தார். "லபெயைக் குடுத்துட்டான்! லபெ குடுத்தா கல்யாணத்துக்கு அழைச்ச மாதிரி. சம்மதமான்னு வேற கேக்குறான்! இன்னும் பிள்ளைங்க ஒரு வார்த்தை பேசல, ஊரையே அழைச்சுட்டான்!"

அது உண்மைதான். பர்மியர் வழக்கத்தில் லபெயைத் தின்ற பிறகு பேச்சை மாற்ற முடியாது. வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அக்காவின் முகம் வெளுத்தது. ஒருவேளை செல்வி வேண்டாம் என்று சொன்னால்?

அத்தை ஃபோனுக்கு மிக அருகில் போனார்.

"ஸ்ரீ, வாயைக் காட்டு. அவங்க வாயை."

எப்படியோ அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. ஃபோனைத் திருப்பினாள். கசப்பில் முகம் கோணி, ஒவ்வொருவராகக் கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

"துப்பிட்டாங்க" என்றார் அத்தை. "துப்புனது சேராது."

"ஒருத்தர் முழுங்கிட்டார்" என்றேன் நான். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். நிஜமாகவே ஒரு தாடிக்காரக் கிழவர் முழுக்கத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் தின்னா அழைப்பு இல்ல. அவரு சாட்சி. உக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தோம்.

அதற்குள் அங்கே செல்வி இருக்கையைப் பாட்டிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். ஸ்ரீயின் கை அலுத்துப் போய்த் தாழ்ந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. நான்கு கால்கள், கறுப்புத் தரையில். ரவியின் குரல் பர்மிய மொழியில் கேட்டது.

"கால் வலிக்கலையா?"

"நாள் பூரா நின்னுக்கிட்டுதானே வேலை செய்றோம்" என்றாள் செல்வி.

"நானும்தான். உக்காந்தா தூங்கிடுவேன்."

"நான் சாப்பிடறதே நின்னுக்கிட்டுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தம் போட்டு அல்ல. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை. அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை, பின்னால் இருந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு ரவி, "நேரமாச்சு, படகு" என்றான். மலை மேல் இருந்த கோயிலை அவர்கள் பார்க்கவே இல்லை. அத்தைக்கு அப்போதுதான் நினைவு வந்தது போல, "செல்வி! ஏம்மா, புடிச்சிருக்கா?" என்று கத்தினார்.

செல்வி ஃபோனைப் பார்த்துத் திரும்பினாள். வாய் அசைந்தது. படம் அப்படியே உறைந்து நின்றது. விபிஎன்னை மாற்றி மாற்றிப் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. இருட்டும்வரை முயன்றேன்.

"என்ன சொன்னா?" என்று அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டாள். வாய் அகலமாகத் திறந்தது, அதனால் ஆமாம் என்றார் கடைக்காரர். மூடியிருந்தது என்றார் டோ மியா. அத்தை நாற்காலிகளை அடுக்கினார். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

போன வருஷம் அத்தை தம்பி வீட்டோடு தெற்கு ஒக்கலாப்பாவுக்குக் குடிபோனார். சாமான்கள் வண்டியில் போக, அவர் நடந்தே போனார். வழியில் எந்த டீக்கடையில், எந்த மடத்தில் உட்கார்ந்து போவது என்று முன்பே முடிவு செய்திருந்தார். சந்தில் இப்போது யாரும் எங்கேயாவது புறப்பட்டால் அந்தக் கேள்வி வருவதில்லை. புறப்படுகிறவர்கள் சும்மா புறப்பட்டுப் போகிறார்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள், வியாழக்கிழமை காலையில், செல்வியிடமிருந்து செய்தி வந்தது. சரி என்று எழுதியிருந்தாள். மத்தியானம் ரவியும் சரி என்றான். அதற்குள் இரண்டு கப்பலும் வேறு வேறு பக்கம் போய்விட்டன. அக்கா பாயசம் வைத்தாள். டோ மியா வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு அழுதார். கல்யாணம் எங்கே, எப்போது என்று அக்காவும் டோ மியாவும் கேட்டுக்கொள்ளவில்லை. அத்தையும் கேட்கவில்லை.